பறவைக்காய்ச்சல்: புயல் கிளம்புவது மேக்ரோஃபேஜிலா, வைரஸ் பெருக்கத்திலா?

1 | கரிசல்மதி

வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. "பறவைக்காய்ச்சலில் செத்ததெல்லாம் எதிர்ப்புசக்தி நல்லா இருந்த இளவட்டங்கள்தான். வைரஸ் கொல்லலை, அவங்க உடம்பே அவங்களைக் கொன்னுடுச்சு" என்று ஒருவர் அடித்துப் பேசுகிறார். ஆதாரமாக "சைட்டோகைன் புயல்" என்ற சொல்லை மட்டும் காட்டுகிறார். இது எந்த ஆய்விலிருந்து வந்த பேச்சு? பறவைக்காய்ச்சலைத் தரும் எச்5என்1 வைரஸ் நம் வெள்ளையணுக்களை உண்மையில் என்ன செய்கிறது? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரித்து எழுதுங்கள். கல்லூரி உயிரியல் அளவுக்குப் புரிந்துகொள்வேன்.

2 | வெள்ளையணு

இந்தப் பேச்சின் ஊற்று ஹாங்காங். 1997-இல் அங்கே 18 பேருக்கு எச்5என்1 தொற்றியது, 6 பேர் இறந்தார்கள். கோழியிலிருந்து மனிதருக்கு நேராகத் தாவி உயிர் குடித்த பறவைக்காய்ச்சல் என்று முதலில் உறுதியானது அதுதான். இறந்தவர்களின் இரத்தத்தில் சைட்டோகைன்கள் (செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சமிக்ஞைப் புரதங்கள்) எகிறிக் கிடந்தன. உடற்கூறாய்வில் மேக்ரோஃபேஜ்கள் (கிருமிகளை விழுங்கும் வெள்ளையணுக்கள்) சிவப்பணுக்களையே விழுங்கியிருந்ததும் தெரிந்தது.

ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் மாலிக் பீரிஸ் குழுவினர் (பீரிஸ் இலங்கைக்காரர், பேராதனையில் மருத்துவம் படித்தவர்) இதைச் செல் அளவில் சோதித்து 2002-இல் வெளியிட்டார்கள். மனித இரத்தத்து மோனோசைட்டுகளை மேக்ரோஃபேஜாக வளர்த்து, ஒரு பகுதிக்கு 1997-இன் எச்5என்1, இன்னொரு பகுதிக்குச் சாதாரண எச்3என்2, எச்1என்1 வைரஸ்களைச் சம அளவில் கொடுத்தார்கள். எச்5என்1 பட்ட செல்கள் டிஎன்எஃப்-ஆல்ஃபா (சுருக்கமாக டிஎன்எஃப்), இன்டர்ஃபெரான்-பீட்டா என்ற இரண்டு சைட்டோகைன்களையும் மற்றவற்றைவிடப் பல மடங்கு கொட்டின. வைரஸின் எட்டு மரபணுத் துண்டுகளில் எது காரணம் என்று மாற்றிமாற்றி ஒட்டிப் பார்த்தபோது என்எஸ் துண்டுக்குப் பங்கு இருப்பது தெரிந்தது.

இங்கேதான் ஒரு முடிச்சு. அந்தத் துண்டு தரும் என்எஸ்1 புரதத்தின் வேலையே நம் எச்சரிக்கை மணியை அமுக்குவது. செல்லுக்குள் வைரஸ் ஆர்என்ஏ வந்தால் ரிக்-ஐ என்ற உணரி கண்டுபிடிக்கும். அதை முடுக்கிவிட டிரிம்25 என்ற புரதம் வேண்டும். என்எஸ்1 போய் டிரிம்25-ஐப் பிடித்துக்கொள்ளும். அப்படியானால் மணி அமுங்கத்தானே வேண்டும், ஏன் அலறுகிறது? வைரஸுக்கு வைரஸ், செல்லுக்குச் செல் கணக்கு மாறுகிறது. மேக்ரோஃபேஜில் வைரஸ் ஆர்என்ஏ அவ்வளவு வேகமாகக் குவிந்தால் அமுக்கும் கை போதாமல் போகும். ஐஆர்எஃப்3, பி38 ஆகிய இரண்டு சமிக்ஞைப் பாதைகளும் முடுக்கப்படுகின்றன என்று பிற்பாடு காட்டினார்கள். பி38-ஐத் தடுத்தால் டிஎன்எஃப் கணிசமாக இறங்கியது.

இன்னொரு கொசுறு: பாதிக்கப்பட்ட மேக்ரோஃபேஜ் டிரெயில் என்ற "செத்துப்போ" சமிக்ஞையையும் கூட்டிக்கொள்கிறது. பக்கத்தில் வரும் டி செல்கள் அதில் சாகின்றன. நோயாளிகளின் இரத்தத்தில் லிம்ஃபோசைட் எண்ணிக்கை சரிவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். இந்த ஒன்றை வைத்தே பார்த்தாலும் "எதிர்ப்புசக்தி கூடிப்போச்சு" என்பது பாதிக் கதை என்று தெரியும். ஒரு கை அலறுகிறது, இன்னொரு கை முடங்குகிறது.

3 | பெட்ரிக்கிண்ணம்

2-ஆம் பதிவு சரி. ஆனால் "பல மடங்கு கொட்டின" என்று எழுதுமுன் அந்தச் சோதனை எப்படி நடக்கிறது, எங்கே கோணும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். மேக்ரோஃபேஜ் என்பது தொட்டாற்சிணுங்கி. தூசி பட்டாலும் டிஎன்எஃப் விடும்.

இரத்தத்தைச் சமபங்கு உப்புக்கரைசலில் நீர்க்கச் செய்து, அடர்த்தி 1.077 உள்ள ஃபைகால் திரவத்தின் மேல் மெதுவாகப் படியவிட்டு, மையவிலக்கியில் 400 ஜி-யில் (புவியீர்ப்பைப்போல 400 மடங்கு) 30 நிமிடம், அறை வெப்பத்தில், பிரேக் போடாமல் சுற்ற வேண்டும். பிரேக் போட்டால் நடுவில் நிற்கும் வெள்ளை வளையம் கலங்கிவிடும். வளையத்தை எடுத்து 200 ஜி-யில் 10 நிமிடம் கழுவினால் தட்டணுக்கள் மேலே தங்கிப் போய்விடும். இந்தக் கழுவலைச் சோம்பலில் விட்டால் தட்டணுக்கள் மோனோசைட்டில் ஒட்டிக்கொண்டு எல்லா அளவையும் குழப்பும். 10 மில்லி இரத்தத்திலிருந்து சுமார் 1 கோடி ஒற்றைக்கரு செல்கள் கிடைக்கும், அதில் மோனோசைட் பத்தில் ஒன்று இரண்டுதான்.

பிறகு பிளாஸ்டிக்கில் 1 மணி நேரம் ஒட்டவிடலாம், அல்லது மோனோசைட்டின் மேலுள்ள சிடி14 புரதத்தைப் பிடிக்கும் காந்தமணிகளால் பிரிக்கலாம். எம்-சிஎஸ்எஃப் என்ற வளர்ச்சிக்காரணியை மில்லிக்கு 50 நானோகிராம் கொடுத்தால் 6, 7 நாளில் மேக்ரோஃபேஜ் தயார். ஹாங்காங் குழு அதே ஆளின் பிளாஸ்மாவை 5 சதவீதம் சேர்த்து 14 நாள் வளர்த்தது. இரண்டு முறையிலும் வரும் செல்கள் ஒன்றல்ல. ஆகவே ஒரு கட்டுரையின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு நேராக வைத்து ஒப்பிடக் கூடாது.

தொற்றும் கட்டம். 24 குழித் தட்டில் ஒரு குழிக்கு 2.5 லட்சம் செல்கள் என்று வையுங்கள். செல்லுக்கு 2 வைரஸ் என்ற விகிதத்துக்கு 5 லட்சம் வைரஸ் வேண்டும். இருப்பு மில்லிக்கு 1 கோடி என்றால் 50 மைக்ரோலிட்டர். புவாசான் நிகழ்தகவுக் கணக்குப்படி அப்போதும் 86 சதவீதச் செல்களுக்குத்தான் குறைந்தது ஒரு வைரஸாவது கிடைக்கும். அந்த "1 கோடி" எண்ணப்பட்டதோ எம்டிசிகே என்ற நாய்ச் சிறுநீரகச் செல்லில். மேக்ரோஃபேஜில் அதே விகிதம் பலிக்கும் என்று உத்தரவாதமில்லை. அதனால் 6 முதல் 8 மணி நேரத்தில் வைரஸின் என்பி புரதத்துக்கு ஒளிர்சாயம் போட்டு எத்தனை சதவீதம் உண்மையில் தொற்றியது என்று எண்ணியே ஆக வேண்டும். இதைச் செய்யாத ஒப்பீட்டை நான் நம்புவதில்லை.

கோணும் இடங்கள்:

சீரம். அதிலுள்ள சயாலிக் அமிலப் புரதங்கள் (வைரஸ் செல்லில் பற்றும் சர்க்கரைதான் சயாலிக் அமிலம்) வைரஸைப் பிடித்துக்கொள்ளும். ஒட்டவிடும் 1 மணி நேரமும் சீரம் இல்லாத ஊடகம்தான்.

எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சு. மில்லிக்கு 1 நானோகிராமுக்குக் கீழே இருந்தாலே மனித மோனோசைட் டிஎன்எஃப் விடும். அந்த நச்சை முடக்கும் பாலிமிக்சின்-பி சேர்த்த குழி ஒன்று இருக்க வேண்டும். அதில் டிஎன்எஃப் இறங்கினால் நீங்கள் அளந்தது வைரஸை அல்ல, பாக்டீரியா அழுக்கை.

வைரஸ் வளர்த்த திரவம். கோழிமுட்டையிலோ நாய்ச் செல்லிலோ வளர்த்தால் அந்தச் செல்கள் விட்ட சைட்டோகைன்களும் கூடவே வரும். வைரஸ் இல்லாத அதே திரவத்தைக் கட்டுப்பாடாக வையுங்கள், புறஊதாவில் செயலிழக்க வைத்த வைரஸையும் வையுங்கள். செத்த வைரஸே அலற வைத்தால் பெருக்கம் தேவையில்லை என்று பொருள். உயிருள்ளது மட்டும் அலற வைத்தால் பெருக்கம் தேவை. கரிசல்மதி தலைப்பில் கேட்ட கேள்விக்குத் தட்டில் கிடைக்கும் பதில் இந்த ஒரு குழியில்தான்.

இரத்தம் கொடுத்தவர். ஆளுக்கு ஆள் பத்து மடங்கு வேறுபடும். மூன்று பேருக்குக் குறைவாக வைத்துச் சராசரி போடுவது வீண்.

இதெல்லாம் பிஎஸ்எல்-3 என்ற உயர் பாதுகாப்புக் கூடத்துக்குள் மட்டும். ஆர்என்ஏ மாதிரி டிரைசால் கரைப்பானில் கரைந்த பிறகு, செல் மாதிரி 4 சதவீத ஃபார்மால்டிஹைடில் நிலைநிறுத்திய பிறகு, அந்தச் செயலிழப்பு முறை சரிபார்க்கப்பட்டிருந்தால்தான் வெளியே வரலாம்.

4 | கரிசல்மதி

நன்றி. ஒரு சந்தேகம். இரத்தத்து மோனோசைட்டை வளர்த்து எடுத்த மேக்ரோஃபேஜும் நுரையீரலில் குடியிருக்கும் மேக்ரோஃபேஜும் ஒன்றா? வைரஸ் முதலில் பார்ப்பது இரண்டாவதைத்தானே?

5 | வெள்ளையணு

கேட்க வேண்டிய கேள்வி. ஒன்றல்ல.

நுரையீரல் காற்றுநுண்ணறையில் குடியிருக்கும் மேக்ரோஃபேஜின் குணமே அமைதி. ஒவ்வொரு மூச்சுக்கும் தூசி வரும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் அலறினால் நாம் மூச்சுவிட முடியாது. நெதர்லாந்தில் வான் ரீல் குழுவினர் மனித நுரையீரலைக் கழுவி எடுத்த மேக்ரோஃபேஜ்களுக்கு எச்5என்1 கொடுத்து 2011-இல் வெளியிட்டார்கள். வைரஸ் உள்ளே போனது. ஆனால் புது வைரஸ் வெளியே வரவில்லை, டிஎன்எஃப் அளவுமீறவும் இல்லை. எல்லாக் கூடங்களிலும் இதே முடிவு வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் "புயலைக் கிளப்புவது குடியிருக்கும் மேக்ரோஃபேஜ்தான்" என்ற படம் அதோடு ஆட்டம் கண்டது.

எனக்குப் பொருத்தமாகத் தோன்றும் வரிசை இது. பறவை வைரஸ் விரும்புவது ஆல்ஃபா 2,3 பிணைப்புள்ள சயாலிக் அமிலம். மனித மூக்கு, தொண்டைப் பக்கம் 2,6 பிணைப்பு மிகுதி. 2,3 கிடைப்பது நுண்மூச்சுக்குழல் முனையிலும் காற்றுநுண்ணறையின் இரண்டாம் வகைச் செல்களிலும். ஆகவே வைரஸ் ஆழத்தில் பற்றுகிறது. அந்த இரண்டாம் வகைச் செல்கள் தாமே ஐபி-10, ஐஎல்-6 முதலிய சைட்டோகைன்களை விடுகின்றன. அந்த மணத்துக்கு இரத்தத்திலிருந்து புது மோனோசைட்டுகள் வந்து இறங்குகின்றன. தட்டில் வளர்த்த மேக்ரோஃபேஜுக்கு நெருங்கிய உறவு இந்தப் புதுவரவுகள்தான்! அவை விடும் டிஎன்எஃப் திரும்பவும் பக்கத்துச் செல்களைத் தூண்டுகிறது. ஹாங்காங் தட்டு பொய் சொல்லவில்லை. முதல் நாள் காட்சி என்று நாம் நினைத்தது மூன்றாம் நாள் காட்சி.

6 | ஐசியூ இரவுப்பணி

படுக்கைப் பக்கத்திலிருந்து ஒரு எண்ணைச் சேர்க்கிறேன். வியட்நாமில் டி ஜோங் முதலானோர் 18 எச்5என்1 நோயாளிகளை ஆராய்ந்து 2006-இல் எழுதினார்கள், அதில் 13 பேர் இறந்தவர்கள். இறந்தவர்களிடம் ஐபி-10, எம்சிபி-1, ஐஎல்-8 ஆகிய சைட்டோகைன்கள் உச்சத்தில் இருந்தன, டி செல்கள் குறைந்திருந்தன. குரல்பதிவுக்காரர் இத்தனை வரை சொல்லி நிறுத்திவிடுவார். அதே கட்டுரையின் அடுத்த பாதி: சைட்டோகைன் அளவு தொண்டையில் இருந்த வைரஸ் அளவோடு சேர்ந்தே ஏறியது. வைரஸ் ஆர்என்ஏ சிலருக்கு இரத்தத்திலேயே ஓடியது. வைரஸ் அடங்கியும் புயல் தனியாக அடித்தது என்ற படம் அங்கே இல்லை. வைரஸ் பெருகப்பெருகப் புயலும் பெருத்தது.

அதனால் மருத்துவத்தில் முதல் கேள்வி ஓசெல்டமிவிர் என்ற வைரஸ் மருந்து எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதுதான். பெரியவருக்கு 75 மில்லிகிராம் நாளைக்கு இருமுறை, 5 நாள். தீவிர நோயில் நாட்களை நீட்டுவார்கள். முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் அதிகம், தாண்டிவிட்டது என்பதற்காகக் கொடுக்காமல் இருக்கக் கூடாது. சோதனை முடிவுக்காகவும் காத்திருக்கக் கூடாது. மருந்து போய்க்கொண்டிருக்கும்போதே வைரஸில் எச்274ஒய் என்ற மரபணு மாற்றம் வந்து மருந்துக்கு அடங்காமல் போன நோயாளிகளை வியட்நாமில் 2005-இலேயே பார்த்தார்கள். ஆக, கொடுத்தாகிவிட்டது என்று கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது.

இன்னொன்று, மாதிரி எடுப்பது. எச்5என்1-இல் மூக்கைவிடத் தொண்டையில் வைரஸ் அதிகம். பருவக்காய்ச்சல் பழக்கத்தில் மூக்கை மட்டும் துடைத்து அனுப்பிவிட்டு "இல்லை" என்று முடிவு வந்தால் நம்பாதீர்கள். குழாய் போட்ட நோயாளியிடம் மூச்சுக்குழாய் உள்சளிதான் சரியான மாதிரி.

7 | பெட்ரிக்கிண்ணம்

அப்படியானால் புயலை அடக்கினாலே பிழைக்க வேண்டுமே என்று யாரும் கேட்கும் முன், எலியில் கேட்டாகிவிட்டது. டிஎன்எஃப் இல்லாத எலி, ஐஎல்-6 இல்லாத எலி, சிசிஎல்2 (மேலே சொன்ன எம்சிபி-1 தான்) இல்லாத எலி என்று தனித்தனியாக வைத்து எச்5என்1 கொடுத்தார்கள் (சாலமன் முதலானோர், 2007). எல்லாம் செத்தன. ஸ்டீராய்டு கொடுத்ததும் செத்தது.

8 | ஐசியூ இரவுப்பணி

அந்த எலிகளை வைத்துக் கதவைச் சாத்திவிட வேண்டாம் நண்பரே. சைட்டோகைன் வலையில் ஒரு நூலை அறுத்தால் பக்கத்து நூல் தாங்கிக்கொள்ளும். டிஎன்எஃப் ஏற்பி, ஐஎல்-1 ஏற்பி இரண்டும் சேர்ந்து இல்லாத எலிகளில் நுரையீரல் சேதம் குறைந்தது என்று வேறு குழு காட்டியது. இன்னொரு சோதனையில் எலிகளுக்குத் தொற்று ஏறி 48 மணி நேரம் கழித்து ஜனாமிவிர் என்ற வைரஸ் மருந்தை மட்டும் கொடுத்தபோது பெரிதாகப் பலனில்லை. கூடவே செலகாக்சிப், மெசலசின் என்ற அழற்சி அடக்கும் மருந்துகள் இரண்டும் கொடுத்தபோது பிழைத்தவை கூடின (ஜெங் முதலானோர், ஹாங்காங், 2008). வைரஸ் மருந்து இல்லாமல் அழற்சியை மட்டும் அடக்குவதும் தாமதமான நோயில் வைரஸ் மருந்தை மட்டும் நம்புவதும் ஒரே தவறின் இரண்டு முனைகள் என்பது என் வாசிப்பு.

ஸ்டீராய்டு பற்றி மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கொரோனாவில் டெக்சாமெத்தசோன் உயிர் காத்தது என்பதை வைத்து இங்கே கை நீட்டக் கூடாது. வியட்நாம் எச்5என்1 நோயாளிகளில் ஸ்டீராய்டு பெற்றவர்களிடம் இறப்பு கூடுதல். நோய் முற்றியவர்களுக்குத்தான் ஸ்டீராய்டு போயிருக்கும் என்ற சாய்வு அதில் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பலன் காட்டும் சோதனை இல்லாதபோது, வைரஸ் பெருகும் உடம்பில் டி செல்களை மேலும் அமுக்குவதற்கு நியாயமில்லை. ஆஸ்துமா, அடங்காத அதிர்ச்சிநிலை போன்ற வேறு காரணம் இருந்தால் அது தனி.

9 | வெள்ளையணு

// எல்லாம் செத்தன //

ஒரு அடிக்குறிப்பு. "புயலை நடத்துவது இரத்தக்குழாய் உட்சுவர் செல்கள்தான்" என்று 2011-இல் வந்த பெயர்பெற்ற எலி ஆய்வைப் பலர் பறவைக்காய்ச்சலுக்குச் சான்றாக இழுக்கிறார்கள். அதில் பயன்படுத்தியது 2009-இன் எச்1என்1. கருத்து பொருந்தலாம், ஆனால் சான்று அந்த வைரஸுக்கு மட்டும்தான்.

10 | வாத்துமேய்ப்பன்

கால்நடைப் பக்கத்திலிருந்து கொஞ்சம். பறவையையே பார்க்காமல் பேசினால் இந்தக் கதை புரியாது.

ஒரே எச்5என்1 பண்ணைக் கோழியை இரண்டு நாளில் சாய்த்துவிடும். பல வாத்துகள் அதையே சுமந்துகொண்டு நீந்தும். மேலே சொன்ன ரிக்-ஐ உணரி வாத்துக்கு உண்டு, கோழிக்கு இல்லை. 2010-இல் வெளியான ஆய்வில் வாத்தின் ரிக்-ஐயைக் கோழிச் செல்லுக்குள் வைத்தபோது இன்டர்ஃபெரான் எழுந்தது, வைரஸ் பெருக்கம் குறைந்தது. எதிர்ப்புசக்தி இருந்ததால் செத்தது என்று சொல்பவருக்கு இந்த ஜோடியே போதும். சீக்கிரம் மணி அடித்தவன் பிழைக்கிறான். மணி அடிக்கத் தாமதமானவன் வீட்டில்தான் பிறகு கலவரம்.

கோழிக்கு மட்டும் ஏன் மூளை, இதயம் எல்லாம் போகிறது என்றால் வைரஸின் மேற்பரப்பிலுள்ள எச்ஏ புரதத்தின் வெட்டுமுனை (அது வெட்டப்பட்டால்தான் வைரஸ் தொற்றும்). சாதாரண வைரஸின் எச்ஏ மூச்சுப்பாதையிலும் குடலிலும் உள்ள டிரிப்சின் வகை நொதிக்குக் காத்திருக்கும். கொடிய வகையில் அந்த முனையில் கார அமினோ அமிலங்கள் வரிசையாக நிற்கும். எல்லாச் செல்லிலும் இருக்கும் ஃப்யூரின் நொதியே அதை வெட்டிவிடும். கூடத்தில் இந்த வைரஸை வளர்க்க டிரிப்சின் சேர்க்காமலே முடிகிறது என்பதும் இதனால்தான்.

எச்7என்9 என்ற இன்னொரு பறவைக்காய்ச்சல் வைரஸ் இதற்கு நேர்மாறான பாடம். 2013-இல் சீனாவில் கிளம்பியபோது அதற்கு அந்த வெட்டுமுனை இல்லை. கோழி துள்ளிக்கொண்டு சந்தைக்குப் போனது, வாங்கிய மனிதர் படுத்தார். 1,500-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்றி அதில் 39 சதவீதம் பேர் இறந்தார்கள். கோழி சாகவில்லையே என்று இருந்துவிட முடியாது.

11 | கரிசல்மதி

எச்5என்1-இல் இளையவர்கள் அதிகம் என்பது உண்மைதானா? குரல்பதிவின் உயிரே அதில்தான் இருக்கிறது.

12 | வெள்ளையணு

உண்மை. எச்5என்1-இல் பெரும்பாலோர் 40 வயதுக்குக் கீழ். ஆனால் எச்7என்9-இல் வயதானவர்கள் அதிகம். குரல்பதிவு சொல்வது போல "வலுவான உடம்பு" காரணமென்றால் இரண்டிலும் இளையவர்கள்தானே விழுந்திருக்க வேண்டும்?

இதற்கு நல்ல விளக்கம் 2016-இல் வந்தது. சிறுவயதில் முதன்முதலில் தொற்றிய இன்ஃப்ளூயன்சா எதிர்ப்புப்பொருள் தரும் நம் பி செல்களில் முத்திரை குத்திவிடுகிறது. 1968-க்கு முன் பிறந்தவர்கள் குழந்தையாக இருந்தபோது சுற்றியது எச்1, எச்2. அவையும் எச்5-உம் எச்ஏ குடும்ப மரத்தில் ஒரே கிளை. 1968-க்குப் பின் எச்3 வந்தது. எச்3-உம் எச்7-உம் இன்னொரு கிளை. எச்ஏ புரதத்தின் தண்டுப்பகுதி ஒத்திருப்பதால் கிளைக்குள் கொஞ்சம் காப்பு கிடைக்கிறது. ஆக எச்5-இல் இளையவர், எச்7-இல் முதியவர். எதிர்ப்பு நினைவு இல்லாதவர்தான் விழுந்திருக்கிறார்.

டி செல் பக்கமும் அதையே சொல்கிறது. எச்7என்9 பிடித்துப் பிழைத்தவர்களில் இரண்டு மூன்று வாரத்துக்குள் வீடு திரும்பியவர்களிடம் சிடி8 டி செல்கள் (தொற்றிய செல்களைக் கொல்பவை) முதலிலேயே வலுவாக எழுந்திருந்தன. இழுத்தடித்தவர்களிடம் அவை தாமதமாக வந்தன. சிடி8 செல்கள் பார்ப்பது என்பி, எம்1 போன்ற உள்புரதங்களை. அவை பருவக்காய்ச்சல் வைரஸிலும் ஏறக்குறைய அதேதான். அதனால்தான் பழைய காய்ச்சலின் நினைவு இங்கே கைகொடுக்கிறது.

13 | பெட்ரிக்கிண்ணம்

மரபணுப் பக்கம் இரண்டு வரி. எம்எக்ஸ்ஏ, பிடிஎன்3ஏ3 இரண்டும் மனிதச் செல்லுக்குள் பறவை வைரஸை மறிக்கும் காவலர்கள். எச்7என்9 பிடித்தவர்களில் எம்எக்ஸ்ஏ பழுதான அரிய மரபணு வடிவங்கள் கூடுதலாக இருந்தன என்று 2021-இல் வந்தது. பிடிஎன்3ஏ3 பற்றி 2023-இல். என்பி புரதத்தின் 313-ஆம் இடம் மாறிய வைரஸ் அந்தக் காவலரைத் தாண்டிவிடும். எனவே புது வரிசைமுறை வெளியானால் வைரஸ் பாலூட்டிகளுக்குப் பழகியதைக் காட்டும் பிபி2 புரதத்தின் 627-ஆம் இடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல் இதையும் பாருங்கள்.

14 | ஊமைக்கோட்டான்

அமெரிக்க மாட்டுப்பண்ணை ஆட்களுக்கு வந்ததும் எச்5என்1 தானே? அங்கே கண் சிவந்ததோடு போய்விட்டதே. புயலும் இல்லை ஒன்றும் இல்லை.

15 | ஐசியூ இரவுப்பணி

2024 மார்ச்சில் கறவை மாடுகளில் கண்டுபிடித்ததிலிருந்து 2025 தொடக்கம் வரை அங்கே 70 பேர், பெரும்பாலோருக்கு விழிவெண்படல அழற்சிதான். விழிவெண்படலத்தில் ஆல்ஃபா 2,3 ஏற்பி உண்டு. பால் கறக்கும்போது தெறித்தது அங்கேயே பற்றி, ஆழ்நுரையீரலுக்குப் போகாமல் நின்றிருக்கலாம். 2009 எச்1என்1 தந்த என்1 எதிர்ப்புப்பொருள் கொஞ்சம் தாங்கியிருக்கலாம். வைரஸின் உட்பிரிவும் வேறு.

ஆனால் "ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட வேண்டாம். பறவைகளில் சுற்றும் டி1.1 வகையில் லூசியானாவில் ஒருவர் 2025 ஜனவரியில் இறந்தார். அதற்குமுன் 2024 நவம்பரில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 13 வயதுச் சிறுமிக்கு எக்மோ (உடலுக்கு வெளியே இரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் கருவி) வரை போனது. ஓசெல்டமிவிர், அமாண்டடின், பலாக்சவிர் என்ற மூன்று வைரஸ் மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். சைட்டோகைன் கொந்தளிப்பு என்று கருதிப் பிளாஸ்மா மாற்றமும் செய்தார்கள். பிழைத்தாள். எது காப்பாற்றியது என்று ஒரே நோயாளியை வைத்துப் பிரிக்க முடியாது.

கண் சிவந்த பண்ணைத் தொழிலாளி வந்தால்: விழிவெண்படலத்தில் ஒரு துடைப்பு, மூக்குத்தொண்டையில் ஒரு துடைப்பு, இரண்டையும் தனித்தனிக் குழாயில். துடைப்பின் முனை டாக்ரான் போன்ற பாலியெஸ்டராக இருக்கட்டும். கால்சியம் ஆல்ஜினேட்டும் மரக்குச்சியும் பிசிஆர் என்ற மரபணுச் சோதனையைக் கெடுக்கும். கண்ணில் சொட்டுமருந்து விடுவதற்கு முன் எடுத்துவிடுங்கள்.